கூண்டுக்கு வெளியே நின்றவர்

அவர் செய்த எந்தப் பொருளிலும் அவருக்கு முன்னால் வேறு யாரும் ஏறியதில்லை. ஏற விடமாட்டார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சறுக்குமரமும் ஊஞ்சலும் செய்து கொண்டுவந்து நட்ட அன்று, பிள்ளைகள் எல்லாம் வரிசை கட்டி நிற்கிறார்கள், இந்தக் கனத்த வெல்டிங்காரர் ஏணியில் ஏறிச் சறுக்குமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். பாதி வழியில் இடுப்பு சிக்கிக்கொண்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். சிக்கிக்கொண்டவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் உந்தி உந்திக் கீழே வந்து, அப்படியே ஊஞ்சலுக்குப் போய் உட்கார்ந்து, "டீச்சர், நல்ல வேகமா ஒருக்கா தள்ளி உடுங்க" என்றார்.

நான்தான் தள்ளினேன். சங்கிலி கிரீச்சிட்டது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். அதனாலேயே அந்த மனிதரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"செஞ்சவன்தான் மொதல்ல ஏறோணும். ஒடஞ்சா அவனுக்கு ஒடயட்டும்." இதுதான் அவருடைய வேதம். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஓடையைத் தாண்ட எஸ்டேட்டில் ஒரு இரும்புப் பாலம் போட்டார். போட்டு முடித்ததும் நட்டநடுவில் நின்று தொப்புத் தொப்பென்று குதித்தார். மேனேஜர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே "போதும்யா, போதும்யா" என்று கத்தியும் நிறுத்தவில்லை. மாதா கோவில் மணிக்கூண்டுக்கு ஏணி செய்தபோது பங்குச் சாமியார் மேலே போகக் கால் வைத்தார். அவரையே கையைப் பிடித்து இறக்கிவிட்டுத் தான் ஏறினார். ஒரு வருடம் மாதா திருவிழாவுக்குச் சப்பரத்தில் படி வைத்தார். அந்தப் படி அவர் காலடியிலேயே விட்டுப்போய், முழங்கால் திரும்பி, அன்றிலிருந்து சாய்ந்து சாய்ந்துதான் நடை. அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். "எனக்குத்தானுங்க ஒடஞ்சது. பூ போட வந்த புள்ளைக்கு ஒடயலையே."

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவின் புலம்பல் வேறு. "மத்தவங்கெல்லாம் நோவு நொடின்னா ஜெபமாலை சொல்லுவாங்க டீச்சர். நான் இந்த மனுசன் இரும்புக் கேட்டு செஞ்சா ஒண்ணு, ஏணி செஞ்சா ஒண்ணுன்னு சொல்லிட்டே கெடக்கறேன்."

குன்னூருக்குக் கீழே, ஒரு டீ ஃபேக்டரியை ஒட்டிய சரிவில் அவருடைய வெல்டிங் பட்டறை இருந்தது. வேலை செய்கிற மேசைக்கு மேலே ஒரு பல்பு பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்துக்காக இல்லை. ஃபேக்டரியில் மெஷின்கள் ஒன்றாகக் கிளம்பினால் அந்தச் சரிவு முழுக்க கரண்ட் இறங்கிவிடும், பல்பு மங்கிப்போகும். அங்கே பெண்கள் பல்பைப் பார்த்துத்தான் மிக்ஸி போடுவார்கள். அவர் பல்பைப் பார்த்துத்தான் வெல்டிங் அடிப்பார். மங்கியதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, வெளியே வந்து பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். கரண்ட் பற்றாவிட்டால் இரும்பு சரியாக உருகாது என்பது அவருக்குப் பாலபாடம்.

என் தம்பிக்குக் குன்னூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப். காரும் வேகமும் தவிர வேறு நினைப்பு கிடையாது. மண் சாலையில் ஓட்டுகிற ராலிப் பந்தயங்களுக்கு அவன் போவான். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று படித்துச் சொல்வேன். அதுவரை நாங்கள் போனதெல்லாம் வேகம் இல்லாத, குறித்த நேரத்துக்குக் குறித்த இடம் போய்ச் சேருகிற போட்டிகள். வேகப் பந்தயம் என்றால் காருக்குள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியே ஆகவேண்டும். கார் உருண்டால் வெளித் தகரம் நசுங்கும்; உள்ளே இருக்கிற இரண்டு தலைகளைக் காப்பது அந்தக் கூண்டுதான். தம்பி ஒரு பழைய காரின் உள்பக்கத்தை முழுக்க உரித்துப் போட்டுவிட்டு அவரைக் கூட்டிவந்து காட்டினான்.

அவர் காரைச் சுற்றி வந்தார். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். தலையை வெளியே எடுத்து, "இதுல நான் எப்படி மொதல்ல ஏறறது?" என்றார்.

"கதவு தொறந்துதானே இருக்குது அண்ணா, ஏறி உக்காருங்க."

"உக்காந்தா என்ன தெரியும் கண்ணு? உருண்டாத்தான் தாங்குதா இல்லையான்னு தெரியும். ஒருக்கா உருண்ட கூண்டு பொறவு உங்களுக்கு ஆகாது. எங்க வளைஞ்சிருக்குது, எங்க விட்டிருக்குதுன்னு யாரு கண்டா?"

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

எந்த முறையில் வெல்டிங் அடிப்பது என்பதில் இழுபறி ஆரம்பித்தது. ராடு வைத்து அடிக்கிற ஆர்க்தான் அவர் கை பழகிய வேலை. அந்தக் குழாய்க்கு அது முரட்டு வேலை என்று அவரே ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று மிக். துப்பாக்கி மாதிரி இருப்பதை அழுத்தினால் கம்பி தானாக ஓடிவந்து உருகி ஒட்டும். வேலை மளமளவென்று முடியும். ஒரு பழைய மிக் மெஷின் வாங்கிப் போட்டு அதில் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொன்று டிக். ஒரு கையில் நெருப்பு, மறு கையில் கம்பி, கால் மிதியால் சூட்டைக் கூட்டிக் குறைத்து, தையல் வேலை மாதிரி பொறுமையாகச் செய்யவேண்டும். குழாய்கள் மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தவேண்டும். மெஷின் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு வரவேண்டும்.

தம்பி பறந்தான். "எல்லாப் பக்கமும் மிக்லதான் அடிக்கறாங்க அண்ணா. ரூல்லயும் ஒத்துக்கறாங்க. டிக்கு டிக்குன்னு நீங்க உக்காந்தீங்கன்னா பந்தயமே முடிஞ்சிரும்."

"மிக் கெட்டதுன்னு நான் சொல்லலியே" என்றார். டிக் நல்லது என்றும் சொல்லவில்லை. அப்படியே போய்விட்டார்.

அப்புறம் அவர் நடந்துகொண்ட விதம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்து கேட்டில் வந்து நின்றார். நான் போனதும், "ஏனுங் டீச்சர், நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க?" என்று கேட்டார்.

"எடது பக்கம்ங்க அண்ணா. தம்பி வலது பக்கம் ஓட்டுவான்."

"ஒரு நிமிசம் நில்லுங்க" என்று சொல்லி, என் உச்சந்தலையிலிருந்து தோள்வரை சாணால் அளந்தார். அளந்துவிட்டு என் கழுத்தையே பார்த்தார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சம் போய்ப் பயம் வந்துவிட்டது. சவப்பெட்டி செய்கிறவர் இப்படித்தான் அளப்பார் என்று ஒரு நினைப்பு வந்து, மத்தியானம் பாடமே ஓடவில்லை.

அக்கா அழாத குறையாக வந்து சொன்னாள். "அவருக்குச் சோறு எறங்க மாட்டேங்குது டீச்சர். பைப்புத் துண்டுங்கள ஒட்டறாரு, அறுக்கறாரு, பாக்கறாரு, தூக்கிப் போடறாரு. எத்தன ஜெபமாலை சொல்லியும் ஆகல. உங்க தம்பிய வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க." நான் தம்பியிடம் சொன்னேன். அவன் கேட்கிற ஜாதியா?

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இரும்புக் கடையிலிருந்து அதே மாடல் காரின் வெறும் கூட்டை வாங்கிவந்து, அதே குழாயில், அதே அளவில் ஒரு கூண்டு கட்டினார். இடது பக்கம் முழுக்க மிக். வலது பக்கம் முழுக்க டிக். டிக்குக்கு வாடகை மெஷின் வந்திருந்தது. பிக்கட்டிப் பக்கம் அவர் சகலைக்குக் கிழங்கு தோண்டி முடித்த படிக்கட்டு நிலம் ஒன்று சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் தம்பியையும் அங்கே வரச்சொன்னார். உருட்டிப் பார்க்கப் போகிறார் என்பது தெரியும். அதற்கு மேல் தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது வெயில் இருந்தது, கீழே பள்ளத்தில் மேகம் கிடந்தது. அந்தக் காரின் கூடு மேல் படியின் விளிம்பில், ஒரு சீகை மரத்தில் கயிறு கட்டி நின்றுகொண்டிருந்தது. அவர் அதற்குள்ளே உட்கார்ந்திருந்தார். இடது பக்கம். என் சீட்டில். தலையில் தம்பியின் பழைய ஹெல்மெட், நெஞ்சில் குறுக்கே பெல்ட். வெளியே அவர் சகலை அரிவாளோடு செய்வதறியாமல் நிற்கிறார்.

"வந்துட்டீங்களா டீச்சர். நீங்கதான இதுல உக்காரப் போறவங்க. உங்க கையாலயே கயித்த வெட்டி உடுங்க."

தம்பிக்கே முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, எறங்குங்க அண்ணா. வெளையாடாதீங்க" என்று கெஞ்சினான். அவர் கேட்கவில்லை. செஞ்சவன்தான், செஞ்சவன்தான் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழே பார்த்தேன். படி படியாக நிலம், ஒவ்வொரு படியும் ஆள் உயரம், அடியில் பாறை. அரிவாளை வாங்கித் தூர எறிந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. எங்கிருந்து அந்த ஆங்காரம் வந்ததோ, நேரே போய் வலது பக்கக் கதவு வழியாக ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

"இப்ப வெட்டச் சொல்லுங்க அண்ணா."

"டீச்சர், எறங்குங்க."

"தாங்குமுன்னா எனக்கும் தாங்கும்தானே? வெட்டச் சொல்லுங்க."

கூடு லேசாக ஆடியது. கயிறு முறுக்கிக்கொள்கிற சத்தம் எனக்குக் காதுக்குள் கேட்டது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். திரும்பி அவரைப் பார்த்தால், அந்த மனிதர் பெல்ட்டைக் கழற்ற முடியாமல் தடுமாறுகிறார். "வேண்டாந் தாயி, எறங்கு தாயி, மாதாவே, எறங்கு" என்று குழந்தை மாதிரி அரற்றுகிறார். அப்போதுதான் எனக்கு அவரைப் புரிந்தது. பயமே தெரியாத மனிதர் என்று ஊரே சொன்னது பொய். தான் செய்ததில் இன்னொருத்தர் ஏறுவதை வெளியே நின்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அந்தப் பயத்துக்குத்தான் இத்தனை வருடமும் முந்திக்கொண்டு ஓடி ஏறியிருக்கிறார்.

இரண்டு பேரும் இறங்கினோம். எங்களுக்குப் பதிலாக இரண்டு சீட்டிலும் மண் நிரப்பிய சாக்கு மூட்டைகளை வைத்துக் கட்டினோம். சகலை கயிற்றை வெட்டினார்.

முதல் படியில் கூடு தலைகீழாகப் போனது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அடுத்த படி, அதற்கடுத்த படி, கடைசியில் பாறையில் மோதி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. தூசி அடங்குகிறவரை யாரும் அசையவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தோம். வலது பக்கம் குழாய் வளைந்திருந்தது, ஆனால் ஒரு ஜாயின்ட்கூட விடவில்லை. இடது பக்கம் மேல் மூலையில் ஒன்று விட்டிருந்தது. விட்ட குழாயின் முனை உள்ளே மடங்கி, சாக்கு மூட்டையின் நடு மார்பில் இறங்கி, மறுபக்கம் மண் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்த முனையை விரலால் தடவினார். வெல்டிங் அப்படியே முழுசாக, பாலாடை மாதிரி உரிந்து வந்திருந்தது. மேலே பார்க்க அத்தனை அழகு, வரிசை வரிசையாகச் செதில். அடியில் குழாய் உருகவே இல்லை.

"கரண்ட் பத்தல" என்றார். "ஆனா பல்பு மங்கலியே. நான் பாத்துட்டேதான அடிச்சேன்? பல்பு மங்கவே இல்லியே டீச்சர்."

பட்டறைக்குத் திரும்பி வந்தோம். அது கொழுந்து குவிகிற மாதம், ஞாயிற்றுக்கிழமையும் ஃபேக்டரி ஓடியது. மெஷின்கள் கிளம்பின. பக்கத்து வீட்டு வாசலில் குண்டு பல்பு மங்கிச் சிவப்பானது. அவர் மேசைக்கு மேலே இருந்த பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. அது எல்இடி. பழைய குண்டு பல்பு ஃபியூஸ் போனபோது கடையில் குண்டு பல்பு இல்லை என்று அக்காதான் வாங்கிவந்து மாட்டியிருந்தாள். எல்இடி பல்புக்குக் கரண்ட் குறைந்தாலும் ஒன்றுதான், நிறைந்தாலும் ஒன்றுதான். அதைத்தான் அவர் அத்தனை மாதமும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்து, நம்பி அடித்திருக்கிறார்.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பல்பு மாட்டிய பிறகு என்னென்ன செய்தேன், யார் யாருக்குச் செய்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் வருமுன் பள்ளிக்கூடத்து ஊஞ்சலைக் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அருகில் போனதும், "நான் ஏறினப்ப தாங்குச்சு. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு புள்ள ஏறறப்ப?" என்றார். ட்ரெய்லர், படிக்கட்டு, மொட்டைமாடிக் கம்பி என்று வீடு வீடாகப் போய், ஒவ்வொன்றையும் அறுத்து, மறுபடி அடித்துக் கொடுத்தார். சில இடத்தில் பைத்தியம் என்று சிரித்தார்கள். அவர் காதில் விழவில்லை. ஏறிப் பார்க்கிற பழக்கம் அதோடு போயிற்று.

கூண்டை டிக்கில்தான் கட்டினார். ஏன் என்று தம்பி மறுபடி கேட்டபோது சொன்னார்: "மிக்ல கம்பி அதுபாட்டுக்கு வந்து உழுந்துரும். அடியில உருகுச்சா இல்லியான்னு நம்பித்தான் ஆகோணும். டிக்ல இரும்பு உருகறதக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் கம்பியவே வைக்கறேன். பாக்காத எதையும் இனி என்னால நம்ப முடியாது கண்ணு." மேகம் ஏறிக் காற்று அடித்தால் உருகிய இரும்பைக் காக்க நெருப்பைச் சுற்றி நிற்கிற கேஸ் கலைந்துவிடும் என்று, பட்டறையின் சந்து பொந்தெல்லாம் தார்ப்பாயால் மூடி, அதற்குள் வியர்த்து ஊற்ற உட்கார்ந்து அடித்தார்.

பந்தயத்துக்குப் புறப்படுகிற அன்று கேட்டேன். "தாங்குமா அண்ணா?"

"தெரியாதுங்க டீச்சர்" என்றார். கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் காரில் ஏறியிருக்கமாட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம், காப்பித் தோட்டத்து மண் சாலை. பாதித் தூரத்தில் ஒரு வலது வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. வானமும் மண்ணும் மாறி மாறி வந்தன. தம்பி என் பெயரைச் சொல்லிக் கத்தியது கேட்டது. அப்புறம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன், எங்கிருந்தோ பெட்ரோல் வாடை வந்தது. கூரைத் தகரம் என் ஹெல்மெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூண்டுக் குழாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் சாலையின் முடிவுக் கோட்டில் நின்றிருக்கிறார். எங்களுக்குப் பின்னால் கிளம்பிய கார்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, எங்கள் கார் வரவில்லை. உட்காரச் சொன்னார்களாம், உட்காரவில்லை. டீ கொடுத்தார்களாம், கையிலேயே ஆறிப்போயிற்றாம். நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினோம். அவர் நொண்டி நொண்டி ஓடிவந்தார். என் தலை, கழுத்து, தோள் என்று தடவிப் பார்த்தார். அப்புறம் தம்பியை அதே மாதிரி. கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

என் கழுத்தெலும்பில் அடி. இனிமேல் பந்தயக் காரில் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உருண்ட கூண்டை அவரே கிரைண்டரால் துண்டு துண்டாக அறுத்தார். தம்பி கொஞ்ச நாளிலேயே அடுத்த கூண்டு கேட்டுப் போய் நின்றான். அவன் பிறவி அப்படி.

"என்னால ஆகாது கண்ணு. என்னைய உட்டுரு."

"அப்ப நான் கீழ கோயமுத்தூர்ல அடிச்சுக்கறேன் அண்ணா."

போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து அவரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "வேற எவனாச்சும் பயம் இல்லாம அடிச்சுத் தந்துருவான். குழாயக் கொண்டா" என்றாராம். அதற்குப் பிறகு தம்பியின் எல்லாக் கூண்டும் அவர் கட்டியதுதான். பந்தயத்துக்குப் பந்தயம் முடிவுக் கோட்டில் போய் நிற்பார். ஆளே பாதியாகிவிட்டார். ஒரு மழைக்காலத்தில், காலையில் எழுந்திருக்கவில்லை.

இப்போது தம்பியின் காரில் இருப்பது அவர் கடைசியாகக் கட்டியது. என் சீட்டில் வேறொரு பெண் உட்கார்ந்து குறிப்புப் படிக்கிறாள். காலேஜ் முடித்த சின்னப் பெண். போன பந்தயத்துக்கு அவளுடைய அம்மா முதல் தடவையாக வந்திருந்தாள். முடிவுக் கோட்டில் என் பக்கத்தில் நின்றாள். தூரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு காரின் சத்தம் கேட்டு, நின்றுவிட்டது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கூண்டு தாங்குமுங்களாக்கா? நீங்க உள்ள இருந்தவங்களாமே, சொல்லுங்க."

தாங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.